எட்டாம் வேற்றுமை

எங்கள் வீட்டு ஆல்பத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. பட்டுப் பாவாடை, பூத் தைத்த பின்னல், நெற்றிச்சுட்டி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. மூன்று வயதுக் குழந்தையாக நான். குலதெய்வம் கோயிலுக்கு முடியிறக்கப் போவதற்கு முந்தின நாள் ஸ்டுடியோவில் நிற்க வைத்து எடுத்தது. ஆண்பிள்ளைக்கு மொட்டை போடுமுன் ஒருநாள் பெண்வேஷம் கட்டி அழகு பார்ப்பது நம் வீடுகளில் வழக்கம்தான். அன்று முழுக்கப் பாட்டி என்னை "மீனாட்சி" என்றே கூப்பிட்டாளாம். நானும் ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்த்தேனாம். நான் திரும்பிப் பார்த்தேன் என்பதுதான் இத்தனை வருஷமாக என்னை யோசிக்க வைக்கிறது.

நான் இருப்பது சேலையூரில். கேம்ப் ரோடு முனையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது எதிர்க் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படிப்பது வழக்கம். எல்லாப் பலகையிலும் கீழ் வரியில் ஊர்ப்பெயர். பல ஆண்டுகள் படித்த பிறகு ஒருநாள்தான் அந்தப் பெயருக்குள் ஒரு சேலை இருப்பது கண்ணில் பட்டது. சேலை கட்டிப் பார்க்க ஆசைப்படும் ஆண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மீசையும் வேலையும் மனைவி மக்களும் உள்ளவர்கள். எப்போதோ ஒருநாள் கதவைச் சாத்திக்கொண்டு பெண்ணாக உடுத்திக்கொள்வார்கள். கிராஸ்டிரஸ்ஸர் என்று இப்போது தமிழிலும் அப்படியே சொல்கிறார்கள். கட்டிய சேலை ஒரு மணி நேரத்தில் மடிந்து பீரோவுக்கு அடியில் போய்விடும். மடித்து வைக்க முடியாத ஒன்று அவர்களோடு ஆபீசுக்கும் கடைக்கும் கூடவே வரும். அது ஒரு பெண் பெயர்.

திருநங்கையரின் பெயர் வேறு கதை. அவர்கள் பெண்ணாகவே உணர்ந்து பெண்ணாகவே வாழ்பவர்கள். அவர்களில் பலருக்குப் பழைய பெயர் அரசிதழில் மாறி, ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் மாறி, முற்றாக விலக வேண்டும். கிராஸ்டிரஸ்ஸருக்கு இரண்டு பெயரும் வேண்டும். ஜெர்மானிய மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் 1910-இல் இவர்களைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். 17 பேரின் வாழ்க்கையை விரிவாகப் பதிந்த அந்த நூல், எதிர்ப்பால் உடை மீதான நாட்டமும் ஒருபால் ஈர்ப்பும் ஒன்றல்ல, இரண்டையும் குழப்பக் கூடாது என்று எடுத்துச் சொன்னது. 100 ஆண்டு கடந்தும் நாம் குழப்பிக்கொண்டுதான் இருக்கிறோம். கிராஸ்டிரஸ்ஸராகத் தொடங்கிய சிலர் பின்னாளில் திருநங்கையாக வாழ்ந்து நிம்மதி அடைவதும் உண்டு. கோடு எல்லாருக்கும் ஒரே இடத்தில் இல்லை.

இனி பெயருக்கு வருவோம். உடுத்துவதோடு நில்லாமல் பெயர் எதற்கு? இதற்குத் தமிழ் இலக்கணத்திலேயே ஒரு விடை இருக்கிறது.

"நான் வந்தேன்" என்று சொல்பவர் ஆணா பெண்ணா என்று அந்த வாக்கியத்தில் தெரியாது. "நீ வந்தாய்" என்பதிலும் தெரியாது. இந்தியில் அப்படி இல்லை. 'வருகிறேன்' என்று சொல்ல வாய் திறந்தாலே ஆண் 'ஆதா' என்பார், பெண் 'ஆதீ' என்பார். இந்தி பேசும் ஆண் ஒருவர் பெண்ணாகப் பேச விரும்பினால் வினைகளையெல்லாம் மாற்றிக்கொண்டே போக வேண்டும். தமிழருக்கு அந்த வேலையே கிடையாது. தன்மையும் முன்னிலையும் பால் காட்டா என்று பள்ளியில் படித்ததுதான் இது. 'அவன்', 'அவள்' என்பது பெரும்பாலும் நாம் இல்லாத இடத்தில் நம்மைப் பற்றிப் பேசும்போது வருவது. அதிலும் மரியாதை கூடி 'அவங்க' ஆகிவிட்டால் பால் மறைந்துவிடும். நேருக்கு நேர் இரண்டு பேர் பேசும்போது பால் எங்கே நுழைகிறது? கூப்பிடும் இடத்தில். அண்ணே, அக்கா, வாடா, வாடி, அப்புறம் பெயர்.

தமிழில் 'நான்' என்பதற்குள் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. இன்னொருவர் கூப்பிடும்போதுதான் அது வந்து ஒட்டுகிறது. தனியறையில் கண்ணாடி முன் நிற்பவருக்கு உடை தன் கையில் இருக்கிறது, நடை தன் உடம்பில் இருக்கிறது. 'வாடி' என்ற ஒன்று மட்டும் அடுத்தவர் வாயிலிருந்து வர வேண்டியது. அதை எதிர்பார்த்துத்தான் பெயர் காத்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

கூப்பிடுவதற்கென்றே தமிழில் ஒரு வேற்றுமை இருக்கிறது. விளி, எட்டாம் வேற்றுமை. தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் இதற்கு 'விளிமரபு' என்று தனி இயலே ஒதுக்கியது. 'அன்' என்று முடியும் பெயரைக் கூப்பிடும்போது கடைசி 'ன்' உதிர்ந்து உயிர் நீளும். முருகன், முருகா. கண்ணன், கண்ணா. மோகன் போன்ற பெயர்களில் 'ன்' உதிராமல் அதோடு 'ஆ' சேரும். இப்போது மோகனைக் கூப்பிட்டுப் பாருங்கள். "மோகனா!" ரஞ்சனை? "ரஞ்சனா!" நிரஞ்சனை? "நிரஞ்சனா!" மூன்றும் முழுமையான பெண் பெயர்கள். மாடியிலிருந்து அம்மா மகனைச் சாப்பிடக் கூப்பிடும் ஒவ்வொரு தடவையும் ஒரு பெண் பெயர் தெருவில் ஒலிக்கிறது, யாரும் கவனிப்பதில்லை. சொந்தப் பெயரின் விளியையே பெண் பெயராக வைத்துக்கொள்ளும் ஒருவருக்கு அது வெளியிலிருந்து கொண்டுவந்த பெயரே அல்ல. சிறு வயது முதல் அவரை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

எல்லாப் பெயருக்கும் இந்த வாய்ப்பு கிடையாது. வடமொழி வழி வந்த பெயர்கள் பல ஜோடியாகவே கிடைக்கின்றன: ஆனந்தன் ஆனந்தி, கார்த்திக் கார்த்திகா. செல்வத்துக்குச் செல்வி பக்கத்திலேயே இருக்கிறாள். பாண்டிக்குப் பாண்டியம்மாளும் பாண்டீஸ்வரியும் உண்டு. ரவிக்கும் சேகருக்கும் அப்படி எளிய ஜோடி இல்லை. அவர்கள் முதல் ஒலியையாவது காப்பாற்றிக்கொள்வார்கள். ரவி ரம்யா ஆகலாம், சேகர் செண்பகம் ஆகலாம்.

சொந்தப் பெயரைத் தொடாமல் வேறிடம் தேடுபவர்களும் உண்டு. "பொண்ணா பிறந்திருந்தா உனக்கு இந்தப் பேர்தான் வச்சிருப்போம்" என்று அம்மா எப்போதோ சொன்ன பெயர் சிலருக்குள் அப்படியே தங்கிவிடும். பிறக்காத ஒரு மகளுக்காக எடுத்து வைத்த பெயர் அது. அதை எடுத்துக்கொள்வதில் அம்மாவின் சம்மதமும் பாதி சேர்ந்துவிடுகிறது. இங்கே இன்னொரு நினைவும் வருகிறது, அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று பெண் குழந்தைக்கு 'வேண்டாம்' என்றும் 'போதும்பொண்ணு' என்றும் பெயர் வைத்த ஊர்கள் நம்முடையவை. பள்ளி வருகைப் பதிவேட்டில் தினமும் 'வேண்டாம்' என்று கூப்பிடப்பட்டு 'உள்ளேன் ஐயா' சொன்ன பெண்கள் இருக்கிறார்கள். அதே மண்ணில் ஓர் ஆண், பெண் பெயர் ஒன்றை ஆசையோடு தேர்ந்தெடுத்து, யாருக்கும் தெரியாமல் பொத்தி வைத்துக்கொள்கிறான். அந்தப் பெயரை அவன் எவ்வளவு மதிக்கிறான் என்பதை இந்த இரண்டையும் அருகருகே வைத்தால்தான் தெரியும்.

அத்தை பெயர், முதல் வகுப்பு டீச்சர் பெயர், ஒரு காலத்து நடிகையின் பெயர் என்று எடுத்துக்கொள்பவர்களுக்கு அந்தப் பெண்ணின் நடையும் சிரிப்பும் சேர்ந்தே வருகின்றன. மனைவியின் பெயரைத் தொடப் பலர் தயங்குவார்கள். எழுத்தாளர் எஸ். ரங்கராஜன் தயங்கவில்லை. குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் இருந்ததால் மனைவி பெயரைப் புனைபெயராக்கினார். அதற்கும் பெண்ணுடைக்கும் சம்பந்தமில்லை. ஆனால் 'சுஜாதா' என்றதும் இன்று தமிழ் வாசகர் மனதில் எழுவது கண்ணாடி போட்ட ஓர் ஆண் முகம். பெயருக்குள் இருக்கும் பால், வழக்கத்தால் ஊறுவது. இன்னொரு வழக்கம் வந்தால் அது மாறியும் போகும்.

ஓசைக்கும் இதில் பங்கு இருக்கிறது. உளவியலாளர் வுல்ஃப்காங் கோலர் 1929-இல் வளைந்த உருவம் ஒன்றும் கூர்முனை உருவம் ஒன்றும் வரைந்து, பொருளற்ற இரண்டு சொற்களில் எது எதற்குப் பொருந்தும் என்று கேட்டார். மெல்லோசைச் சொல் வளைவுக்கும் வல்லோசைச் சொல் கூர்மைக்கும் போய்ச் சேர்ந்தன. 2001-இல் வி.எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பார்டும் இதை 'பூபா, கிக்கி' என்று பிரபலமாக்கினார்கள். 2015-இல் கனடாவின் டேவிட் சித்துவும் பென்னி பெக்ஸ்மனும் இதையே மனிதப் பெயர்களில் சோதித்தார்கள். பாப், மோலி போன்ற பெயர்கள் வளைந்த உருவத்தோடும், கிர்க், கேட் போன்றவை கூரிய உருவத்தோடும் இணைந்தன. நம் பெண் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: மல்லிகா, நளினி, யமுனா, மாலினி. மெல்லினமும் இடையினமும் நிறைந்து, உயிரில் முடிந்து, வாய் திறந்தபடி நிற்கும். விதிவிலக்குகள் ஏராளம், மணி, துரை, மூர்த்தி எல்லாம் உயிரில் முடியும் ஆண்கள்தான். ஆனாலும் ஒரு பெயரை வாயில் போட்டு உருட்டிப் பார்த்து 'இது நான்தான்' என்று முடிவு செய்பவர், காதால்தான் அதிகம் தேர்ந்தெடுக்கிறார்.

ஆண் பெயரிலிருந்து பெண் பெயரைப் பிரித்தெடுக்கும் வேலையைத் தமிழில் முதலில் பெரிதாகச் செய்தது பக்தி மரபு. நம்மாழ்வார் பல இடங்களில் திருமாலைப் பிரிந்து தவிக்கும் தலைவியாக, அவள் தாயாக, தோழியாகப் பாடுகிறார். வைணவ மரபு அந்தத் தலைவிக்கு ஒரு பெயர் வைத்தது. ஆழ்வாருக்குப் பராங்குசன் என்று ஒரு பெயர்; அவள் பராங்குச நாயகி. திருமங்கையாழ்வாருக்குப் பரகாலன் என்று பெயர். அவருடைய பெண்வடிவம் பரகால நாயகி. திருமங்கை மன்னர் வாளும் வேலும் பிடித்த போர்வீரர் என்பதை மறக்க வேண்டாம். உள்ளே எழுந்த பெண்குரலைத் தனிப் பெயரிட்டு வணங்கலாம் என்று அந்த மரபு கண்டது. கோயில்களில் ஆழ்வாருக்கே நாச்சியார் கோலம் சாத்துகிறார்கள். மகாபாரதத்தில் விராட நகரில் ஓராண்டு மறைந்திருந்த அர்ஜுனனுக்கும் வில்லை மரத்தில் ஒளித்து வைத்தது போதவில்லை. உத்தரைக்கு நடனம் சொல்லித்தர 'பிருகந்நளை' என்று ஒரு பெயரும் தேவைப்பட்டது.

இலக்கணக்காரர்களும் விட்டுவிடவில்லை. ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயருக்கு ஆண்பால் வினைமுடிவு பொருந்தாது என்றது தொல்காப்பியம். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் இன்னும் தெளிவாகச் சொன்னார்: ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவினால் பெண்பால், பெண்மையை விட்டு ஆண்மையை அவாவினால் ஆண்பால். 'அவாவுதல்' என்ற சொல்லை முதன்முதல் கவனித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். உடம்பைப் பார்த்து அல்ல, விருப்பத்தைப் பார்த்து வினைமுற்றைப் போடச் சொல்கிறார். அதே நூற்பாவின் கடைசியில் இவர்களை அஃறிணை போலவும் வழங்கலாம் என்று ஒரு கதவையும் திறந்து வைத்தார். நம் தெருக்களில் 'அது' என்று சுட்டும் குரலைக் கேட்கும்போதெல்லாம், எழுநூறுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் நாம் முதல் பாதியை மறந்து கடைசிப் பகுதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோமே என்று வலிக்கிறது.

மேடைக்கு வந்தால் பெயர் இன்னொரு வேலை செய்கிறது. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் 'ஸ்திரீ பார்ட்' போட்டதெல்லாம் சிறுவர்கள். 1918-இல் ஆறு வயதில் அப்படியொரு கம்பெனியில் சேர்ந்த டி.கே. சண்முகம் பின்னாளில், 1940-களில், அவ்வையாராக நடித்தார். அந்தக் கிழவி வேஷம் அவரை விட்டுப் போகவே இல்லை. பெயருக்கு முன்னால் 'அவ்வை' ஏறிக்கொண்டது. சென்னையில் லாயிட்ஸ் ரோடு அவர் நினைவாக 'அவ்வை சண்முகம் சாலை' ஆனது. 1996-இல் கமல்ஹாசன் பெண்வேடமிட்ட படத்துக்கு 'அவ்வை சண்முகி' என்று பெயர் வைத்தபோது, பெயரில் மிச்சமிருந்த ஆண் எழுத்தும் மாறிவிட்டது. குஜராத்தி மேடையில் இதற்கு இணையாக ஒன்று நடந்தது. ஜெய்சங்கர் போஜக் 1901-இல் 'சௌபாக்ய சுந்தரி' நாடகத்தில் கதாநாயகியாக நடித்தார். 1975-இல் இறக்கும்வரை ஜெய்சங்கர் 'சுந்தரி' என்றே அறியப்பட்டார். இவர்கள் பெயரைத் தேர்ந்தெடுக்கவில்லை. கூப்பிட்டவர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

அப்படி வந்த பெயர்களில் எனக்கு மிகவும் பிடித்தது நர்த்தகி நடராஜ். மதுரை அனுப்பானடியில் பிறந்த இந்தத் திருநங்கைக் கலைஞர் தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்றார். 'நர்த்தகி' என்பது அந்தக் குரு இட்ட பெயர். நடராஜ் என்ற பழைய பெயரை அவர் தூக்கி எறியவில்லை, பின்னால் வைத்துக்கொண்டார். 2019-இல் பத்மஸ்ரீ அந்த இரண்டு பெயரும் சேர்ந்த பெயருக்குத்தான் வந்தது. ஆடுபவளும் ஆடவல்லானும் ஒரே கையெழுத்தில்.

சரி, ஒரு பெயர் மனிதனுக்குள் எவ்வளவு ஆழம் போகிறது? பிரிட்டனில் நெவில் மோரே 1959-இல் ஒரு சோதனை செய்தார். கேட்பவரின் இரண்டு காதிலும் வெவ்வேறு பேச்சை ஓடவிட்டு, ஒரு காதை மட்டும் கவனிக்கச் சொன்னார். மற்றக் காதில் என்ன சொன்னாலும் ஏறவில்லை. அதில் கேட்பவரின் சொந்தப் பெயர் வந்தபோது மட்டும், ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அதைப் பிடித்துவிட்டார்கள். கல்யாணப் பந்தியின் இரைச்சலில் எங்கோ நம் பெயர் அடிபட்டால் தலை திரும்புகிறதே, அதுதான். 1960-இல் தூங்குபவர்களிடம் பெயர்களை ஒலித்துப் பார்த்தார்கள். சொந்தப் பெயருக்குத் தூக்கத்திலேயே உடல் அதிகம் பதில் சொன்னது. 1995-இல் நாலரை மாதக் குழந்தைகளைச் சோதித்தபோது, 'அம்மா' சொல்லக்கூடத் தெரியாத அவை மற்றப் பெயர்களைவிடத் தம் பெயரை அதிக நேரம் கேட்டுக்கொண்டிருந்தன. தன் பெயரின் ஓசையை அடையாளம் கண்ட பிறகே மனிதன் பேசத் தொடங்குகிறான்.

முப்பது, நாற்பது வயதில் வைத்துக்கொண்ட பெயர் அந்த ஆழத்துக்குப் போகுமா? போகும் என்பதற்கு நம் வீட்டுப் பெண்களே சாட்சி. புகுந்த வீட்டில் வேறு பெயர் வைக்கப்பட்ட எத்தனையோ மருமகள்கள் பத்து ஆண்டில் அந்தப் பெயருக்குத்தான் திரும்பினார்கள். கணேசன் சிவாஜி ஆனதும் அப்படித்தான். ஆனால் இவர்களையெல்லாம் தினமும் யாராவது கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கிராஸ்டிரஸ்ஸரின் பெயருக்குக் கிடைக்காதது அதுதான். எழுதிப் பார்க்கலாம், முணுமுணுக்கலாம்; தன்னைத் தானே விளிக்க முடியாது.

1950-60களில் நியூயார்க்கின் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் 'காசா சுசானா' என்று ஒரு விடுதி இருந்தது. அதை நடத்தியவர்களில் ஒருவர் பெண்ணாக உடுத்தும்போது வைத்துக்கொண்ட பெயர்தான் விடுதிக்கும். வாரக்கடைசியில் பல ஊர்களிலிருந்து ஆண்கள் பெட்டியோடு வருவார்கள். அங்கே எடுத்த படங்கள் பின்னாளில் ஒரு பழைய சாமான் சந்தையில் கிடைத்து 2005-இல் புத்தகமாயின. படங்களில் அவர்கள் செய்வது ஒன்றும் பெரிதில்லை. உட்கார்ந்து பேசுகிறார்கள், சீட்டு விளையாடுகிறார்கள். உடுத்துவதை வீட்டிலேயே செய்திருக்கலாம். அவ்வளவு தூரம் வந்தது, இன்னொருவர் அந்தப் பெயரைச் சொல்லி "இப்படி வா, உட்கார்" என்று சொல்வதற்காக என்றே எனக்குத் தோன்றுகிறது.

அந்த அழைப்புக்கு எவ்வளவு வலு என்பதை அமெரிக்காவில் 2018-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 129 திருநர் இளைஞர்களை ஸ்டீஃபன் ரஸ்ஸல் குழுவினர் ஆராய்ந்தார்கள். வீடு, பள்ளி, வேலையிடம், நண்பர்கள் என்ற நான்கில் கூடுதலாக ஓர் இடத்தில் தேர்ந்த பெயரால் அழைக்கப்பட்டவர்களிடம், தற்கொலை எண்ணம் 29 சதவீதம் குறைவாக இருந்தது. அது முழுநேரமும் அந்தப் பெயரில் வாழ விரும்புபவர்களின் கணக்கு. எப்போதாவது ஒருநாள் மட்டும் வாழ்பவரின் தேவை அதே அளவு என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் சேலையூர்த் தெருவில் ஒருவர் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கப் போவதாக எண்ணிப் பாருங்கள். அளவு ஜாக்கெட்டை நீட்டுகிறார். டெய்லர் ரசீதுப் புத்தகத்தைத் திறந்து, தலை நிமிராமல், "பேரு?" என்கிறார். தங்கச்சிக்கு, மனைவிக்கு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அவர் அந்தப் பெயரைச் சொல்கிறார். கார்பன் தாளில் அது பதிகிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை கடைப் பையன் கட்டுகளைப் புரட்டி அந்தப் பெயரை உரக்கப் படிக்கிறான். ஒரு நொடி, தெருச் சத்தத்துக்கு நடுவே, தான் வெளியே கேட்கப்பட்டதுபோல இருக்கும் அவருக்கு. பணம் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்.

தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் தசரா வந்தால் நிலைமை தலைகீழ். முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்ட ஆண்கள் காப்புக் கட்டி, சேலையும் சடைமுடியும் கிரீடமுமாகக் காளி வேஷம் போடுகிறார்கள். குறத்தி, மணப்பெண் என்று வேறு பெண்வேஷங்களும் உண்டு. வீடு வீடாகப் போய்க் காணிக்கை கேட்பார்கள். லாரி ஓட்டுபவராக இருக்கலாம், கல்லூரி மாணவராக இருக்கலாம்; அந்த நாட்களில் பெண்களும் பெரியவர்களும் அவரை "அம்மா" என்றுதான் கூப்பிடுகிறார்கள், "தாயே" என்று கும்பிடுகிறார்கள். அவர் யாரென்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் கூப்பிடுகிறார்கள். பத்தாம் நாள் இரவு கடற்கரையில் மகிஷாசுர சம்ஹாரம் நடக்கும். மறுநாள் காப்பைக் கழற்றிவிட்டு, சாயத்தைக் கழுவிக்கொண்டு, பழைய பெயரோடு பஸ் ஏறுகிறார்கள்.